பழைய எழுத்துரு மாற்றியில் எதை வெட்டினேன், எதை விட்டுவைத்தேன்

பைத்தான் நிரல்மொழியின் 3.13 பதிப்புக்கு மாறியதும் எங்கள் மாற்றியில் முதலில் உடைந்தது சிஜிஐ பக்கம்தான், அதாவது சர்வரில் நிரலை ஓட்டி வலைப்பக்கம் தரும் பழைய வழி. அப்படி ஒரு மாட்யூலே (நிரல்பகுதியே) இல்லை என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு டெஸ்ட் நின்றுவிட்டது. எதிர்பார்த்ததுதான். பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த, ஆனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத 19 மாட்யூல்களை எடுத்துவிடுவது என்று பைத்தானின் மாற்றங்களை முன்மொழியும் ஆவணங்களில் ஒன்றான பெப் 594-இல் முடிவு செய்தார்கள். 3.11-இல் எச்சரிக்கை கொடுத்தார்கள், 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் எடுத்தும் விட்டார்கள். சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் எல்லாம் அதில் போனவை.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன நிரல். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். பாமினி, திஸ்கி, டேம், டேப், இன்னும் பத்திரிகைக்கு ஒன்றாக இருந்த எழுத்துருக்கள் என்று நிறைய வாங்கிக்கொள்ளும். ஒருவர் எழுதி, பலர் கைவைத்து வளர்த்து, கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது. கூட இன்னும் ஒருவர் அவ்வப்போது உதவுகிறார். அவ்வளவுதான் அணி.

சிஜிஐ உடைந்ததை மட்டும் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். நீக்கிய அந்த மாட்யூலையே யாரோ தனிப் பொதியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வரி சேர்த்தால் ஓடும். ஆனால் அதைச் சேர்க்க உட்கார்ந்தபோது, இந்தப் பக்கத்தை இப்போது யார் எந்த சர்வரில் ஓட்டுகிறார்கள் என்று கேள்வி வந்தது. எங்கள் சர்வரின் பதிவைத் திறந்தால் வந்தவர்களில் பெரும்பாலும் தேடுபொறிகளின் பாட்கள். சரி, இதற்கே இப்படி என்றால் மற்றவை எப்படி இருக்கின்றன என்று மொத்தத்தையும் எடுத்து வெளியே வைத்தேன்.

கிடைத்தது இது: கமாண்ட் லைன் மாற்றி, சிஜிஐ வலைப்பக்கம், பைஜிடிகே என்ற நூலகத்தை வைத்து எழுதிய ஒரு ஜன்னல் (மவுஸால் இயக்கும் திரை), பழைய வேர்டு கோப்பைத் திறக்கும் பகுதி, புதிய வேர்டு கோப்பைத் திறக்கும் பகுதி, ஆர்டிஎஃப் என்ற இன்னொரு ஆவண வடிவத்தைத் திறக்கும் பகுதி, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கும் பகுதி, கோப்பு எந்தக் குறியீட்டில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற முறையில்) இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் பகுதி. அப்புறம் பழைய எண்ணுக்கு எந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணைகள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒன்று.

எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் தோன்றுவது வயது. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஒவ்வொரு கோப்பையும் கடைசியாக யார் எப்போது தொட்டார்கள் என்று பார்த்தேன். பாமினி அட்டவணையைப் பல வருடங்களாக யாரும் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இல்லை, அதனால் தொடவில்லை. பாமினி எழுத்துரு இனி மாறப்போவதில்லை. அட்டவணை ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் அமைந்ததுதான். மாறாக, தானாகக் கண்டுபிடிக்கும் பகுதியில் ஓயாத கமிட்கள் (பதிந்த மாற்றங்கள்). அசைவு இருக்கிறது என்பதற்காக அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அங்கே நடந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை.

வயதை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தெளிவாகப் பார்க்கலாம். 2018-இல் 4.17 பதிப்பில் எட்டு பிராசஸர் வகைகளுக்கான ஆதரவை ஒரே வீச்சில் எடுத்தார்கள். பிளாக்ஃபின், கிரிஸ், டைல், மெட்டாக் எல்லாம் அதில் போயின. மெட்டாக் உள்ளே வந்ததே 2013-இல்தான். ஐந்து வருடத்தில் வெளியேற்றம். ஆனால் பழைய அமிகா, அட்டாரி கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 குடும்பத்துக்கான ஆதரவு 90-களிலிருந்து இன்றுவரை இருக்கிறது. அதை ஆசையாகப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். புதிய சில்லுகள் போனதற்குக் காரணம் அவற்றைச் செய்த கம்பெனிகளே கைகழுவியது.

அடுத்து, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது. எங்கள் நிரல் எங்கும் தகவல் அனுப்பாது, அனுப்பவும் கூடாது. அதனால் எண்ணிக்கை என்று கையில் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் பெரிய உதவி இல்லை. பழைய கோப்பை மாற்றுகிறவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை வருவார். அப்பா எழுதிவைத்த குடும்ப வரலாறு ஒரு ஃப்ளாப்பியில் கிடைக்கும், அன்றைக்குத் தேவைப்படும். பதிவிறக்கக் கணக்கில் அவர் தெரியவே மாட்டார்.

கடைசியில் இரண்டு கேள்விகளை எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டேன். இது தவறாக வேலை செய்தால் எங்களில் யாருக்காவது தெரியவருமா? இது இல்லாமல் போனால் தேவைப்படுகிறவருக்கு வேறு வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு 'தெரியாது' என்று பதில் வந்தால் அந்த வசதி ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் அர்த்தம். பட்டியலில் பேர் மட்டும் இருக்கிறது. நம்பி வருகிறவருக்குத் தப்பான எழுத்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அட்டவணைகளைச் சோதித்தது

நேரம் அதிகம் போனது இங்கேதான். குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி வேண்டும்: பழைய குறியீட்டில் ஒரு பத்தி, அதே பத்தி சரியான யூனிகோடில். ஜோடி கிடைத்தால் அட்டவணை தங்கும், கிடைக்காவிட்டால் போகும் என்று விதி வைத்தேன்.

திஸ்கிக்கு எளிதாகக் கிடைத்தது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரே நூலைத் திஸ்கியிலும் யூனிகோடிலும் வெளியிட்டிருக்கிறது. கூடவே லினக்ஸில் உள்ள ஜிலிப்சி நூலகத்தின் ஐகான்வ் என்ற குறியீடு மாற்றும் கருவி திஸ்கியை அறியும். ஆக எங்கள் மாற்றி தந்ததை, ஐகான்வ் தந்ததை, மதுரைத் திட்டத்தின் யூனிகோடை, மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. தொந்தரவு கொடுத்தது ஸ்ரீ. ஸ-வில் தொடங்கி எழுதுவது ஒரு முறை; 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்தபிறகு அதில் தொடங்கி எழுதுவது இன்னொரு முறை. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் பார்த்தேன், அமைதியானது.

ஐகான்வில் இருக்கும்போது நம்முடையது எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில்கூட இந்த மாதிரி அரிதான குறியீடுகளைத் தனிப் பொதியாகப் பிரித்துவைத்துவிட்டார்கள், தேடி நிறுவ வேண்டும். அதனால் திஸ்கி தங்கியது.

பாமினிதான் சுவாரசியம். திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேலே உட்கார்ந்திருக்கும், ஆங்கிலம் கீழே பத்திரமாக இருக்கும். பாமினியில் தமிழ் உட்கார்ந்திருப்பதே ஆங்கில எழுத்துகளின் இடத்தில். 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் குப்பை. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் இன்னும் ஏராளமான கோப்புகள் இப்படியே கிடக்கின்றன: சங்க மலர்கள், கோயில் அறிக்கைகள், கல்வெட்டு என்று அவர்கள் சொல்லும் நினைவுமலர்கள்.

இதில் ஒரு பழைய வம்பு உண்டு. பாமினியில் கௌ என்று எழுத ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்று விசை அடிக்க வேண்டும். ஔகாரத்தின் வாலும் ள என்ற எழுத்தும் ஒரே விசை. 'மௌனம்' என்பதில் வருவது வால். 'வெளியீடு' என்பதில் வருவது ள. கொம்பு, வ, ள என்று பார்த்தவுடனே வௌ என்று மாற்றிவிடும் நிரல்கள் உண்டு. அதன்பிறகு வரும் இகரக் குறி தொங்கிக்கொண்டு நிற்கும். இணையத்தில் 'வௌியீடு', 'வௌிநாடு' என்று தேடிப் பாருங்கள், எத்தனை பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன என்று தெரியும். கண்ணுக்கு ஏதோ லேசாக நெருடும், அவ்வளவுதான். ஆனால் 'வெளியீடு' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது.

எங்கள் அட்டவணையில் இதற்கு விதி இருக்கிறது. ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது ள. தனியாக நின்றால் வால். யார் எழுதினார்களோ, நல்ல வேலை. ஆனால் அதற்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை. யாராவது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வரிகளின் வரிசையை மாற்றியிருந்தால் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியீடு, தெளிவு, வெள்ளம், மௌனம், பௌர்ணமி, வௌவால் என்று சொற்களை அடுக்கி ஒரு டெஸ்ட் எழுதினேன். எல்லாம் தேறின. பாமினி தங்கியது.

டேம், டேப் இரண்டும் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டவை. அந்தக் காலத்து அச்சகங்களில் தாராளமாகப் புழங்கின. ஜோடி தேடும்போது அச்சகம் நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவரைப் பிடித்தோம். "தம்பி, எல்லாம் சிடில இருக்கு. சிடிய போட்டுப் பாக்கத்தான் வீட்ல ஒண்ணும் இல்ல" என்றார். யூஎஸ்பி-யில் செருகும் சிடி டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய்க் கோப்புகளை எடுத்தோம். அவற்றில் அச்சான புத்தகமும் அலமாரியில் இருந்தது. கோப்பை மாற்றி, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படித்துச் சரிபார்த்தோம். இதைவிட உறுதியான சோதனை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுத்துருக்கள் விலைக்கு விற்கப்பட்டவை என்பதால் அவற்றை எங்கள் களஞ்சியத்தில் வைக்க முடியாது. சில பத்திகளை மட்டும் அவர் அனுமதியோடு டெஸ்டில் சேர்த்தோம்.

பத்திரிகை எழுத்துருக்களில்தான் வெட்டு விழுந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. பக்கத்தோடு சேர்ந்து இறங்கும்படி இஓடி என்ற வடிவில் அனுப்புவார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும்தான் அதைப் புரிந்துகொள்ளும். இன்றைய எந்த பிரவுசரிலும் அந்தப் பக்கங்கள் குப்பையாகத்தான் தெரியும். சில தளங்களுக்கு, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தோடு எழுத்துருவும் சேமிப்பில் இருந்தது. அதை எடுத்து, பக்கத்தைப் படமாக்கி, கண்ணால் படித்து ஜோடி செய்தேன். எழுத்துரு கிடைக்காதவற்றுக்கு வழி இல்லை. ஓர் அட்டவணையில் ஞ வரிசையே இல்லை. இன்னொன்றில் ரு, ரூ இரண்டுக்கும் ஒரே எண். சரியா தப்பா என்று சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டேன்.

'பரணில் போட்டு வை, என்ன கெட்டது' என்பது கூட இருப்பவரின் கருத்து. தனி அடைவில் போட்டு, சோதிக்கப்படாதது என்று எழுதிவைக்கலாம் என்றார். யோசித்தேன். பரணில் இருப்பதையும் யாரோ ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவார், எழுதிவைத்ததைப் படிக்க மாட்டார். கிட்டில் பழைய பதிப்பு எப்படியும் இருக்கத்தான் போகிறது, அதற்கு ஒரு குறி வைத்தால் போதும் என்று முடித்தோம்.

'சும்மா கிடக்கிறது, என்ன செலவு' என்பதற்கு ஒரு பதில் 2024 ஏப்ரலில் கிடைத்தது. நாங்கள் ஒப்பிடப் பயன்படுத்திய அதே ஜிலிப்சியின் ஐகான்வில், ஐஎஸ்ஓ 2022 சிஎன் எக்ஸ்ட் என்ற சீன மொழிக் குறியீட்டுக்கான பகுதியில், நினைவகத்தில் எல்லையைத் தாண்டிச் சில பைட் எழுதிவிடும் ஓட்டை வெளியே வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அங்கேயே இருந்த பிழை. அந்தக் குறியீட்டை நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம், ஆனால் அதன் வழியாக பிஎச்பி என்ற வலை நிரல்மொழி ஓடும் சர்வர்களுக்குள் நுழைய முடியும் என்று காட்டினார்கள். திருத்தம் வந்து சேரும்வரை, அமைப்புக் கோப்பில் அந்தக் குறியீட்டின் வரியையே எடுத்துவிடுவதுதான் வழியாகச் சொல்லப்பட்டது. எங்கள் பைத்தான் அட்டவணையில் அந்த மாதிரி ஆபத்து இல்லை. இருந்தாலும் கூட இருப்பவர் அதைப் படித்தபிறகு பரண் பேச்சை எடுக்கவில்லை.

எல்லோருக்கும் பிடித்ததை வெட்டியது

எண்ணிக்கை இல்லாவிட்டாலும், தானாகக் கண்டுபிடிக்கும் பகுதிதான் எங்கள் நிரலிலேயே அதிகம் பயன்பட்டது போலத் தெரிந்தது. வந்த இஷ்யூக்களில் (பயனர் புகார்களில்) பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான். கோப்பைக் கொடுத்தால் இது பாமினி, இது டேம் என்று அதுவே முடிவு செய்து மாற்றிவிடும். சரியாகச் சொன்னால் நல்ல வசதி. தவறினால் ஒரு சத்தமும் இல்லாமல் வேறு ஏதோ தமிழாக்கி எழுதிவிடும். அடைவோடு கொடுத்து, மூலக் கோப்பின் மேலேயே எழுதச் சொன்னவர்கள் உண்டு.

உள்ளே பார்த்தால், எந்த பைட் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒவ்வொரு குறியீட்டுக்கும் மதிப்பெண் போடுகிறது. 0.62-க்கு மேல் வந்தால் அதுதான் என்று ஏற்கிறது. அது என்ன 0.62? குறிப்பு எதுவும் இல்லை. முதலில் எழுதியவரை ஃபோனில் பிடித்தேன். அவர் இந்த வேலையை விட்டே வெகுநாள் ஆகிறது.

"அண்ணா, அந்த 0.62 எங்கேருந்து வந்துச்சு?"

"தட்டிப் பாத்து வெச்சதுதான் பா. என் கைல இருந்த ஃபைலுக்கெல்லாம் சரியா வந்துச்சு."

"அந்த ஃபைலெல்லாம் இருக்கா?"

"அந்தக் கம்ப்யூட்டரே இல்லயே. தூக்குறதுன்னா தூக்கிடு, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

பிரச்சினை அந்த எண் மட்டும் இல்லை. பாமினி உரையும் ஆங்கில உரையும் ஒரே பைட்களால் ஆனவை. இரண்டும் கலந்த கோப்பில் எது எது என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்லவே முடியாது. இதற்கு மேல், எந்த அட்டவணையில் கைவைத்தாலும் மற்ற எல்லாவற்றின் மதிப்பெண்ணும் நகரும். ஞ வரிசை இல்லாத அந்த அட்டவணையை எடுத்ததற்கே, சம்பந்தம் இல்லாத டேப் கோப்பு ஒன்றைத் தப்பாகச் சொல்லத் தொடங்கியது. அட்டவணைகள் தம்பாட்டுக்குச் சும்மா இருப்பவை. இது எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்தது. எங்கள் உழைப்பைத் தின்றது அரிதான குறியீடுகள் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இஷ்யூக்களைப் பிரித்து அடுக்கியதும் தின்றது இதுதான் என்று தெரிந்துவிட்டது.

முதல் கேள்விக்குப் பதில் தெளிவு: தவறினால் எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது கேள்விக்குத்தான் உழைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இதற்கு வேறு வழி இல்லாமல் எடுத்தால் ஆட்கள் தவித்துவிடுவார்கள். இரண்டு மாற்று வைத்தேன். வேர்டு கோப்பாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் உள்ளேயே எழுதியிருக்கும். பாமினி என்று எழுதியிருந்தால் பாமினி, டைம்ஸ் நியூ ரோமன் என்றால் தொடாதே. இதில் ஊகம் இல்லை. வெறும் உரைக் கோப்பாக இருந்தால் முதல் சில வரிகளை எல்லாக் குறியீட்டிலும் மாற்றி ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் காட்டுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் பார்த்தவுடனே எது சரி என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரைக் கொடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு படி கூடுதல்தான்; கோப்பு பாழாகாது.

மற்றவை சட்டென்று முடிந்தன. ஜன்னலுக்குச் சடங்கு மட்டும்தான் பாக்கி. பைஜிடிகே பைத்தான் 2-ஐ விட்டு வெளியே வரவில்லை, பைத்தான் 2-இன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. எங்கள் நிரல் பைத்தான் 3-க்கு வந்தபிறகு அந்தப் பகுதி ஓடியிருக்கவே முடியாது, ஒருவர்கூடக் கேட்கவும் இல்லை. பழைய வேர்டு கோப்பைத் திறக்க ஆன்டிவேர்டு என்ற நிரலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது உரையைத் தருமே தவிர எழுத்துருப் பெயரைத் தராது. ஆங்கிலமும் பாமினியும் கலந்த கோப்பு என்றால் ஆங்கிலமும் சேர்ந்து தமிழாகிவிடும். லிப்ரெஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் தொகுப்பில் திறந்து புதிய வடிவில் சேமித்தால் பெயர் தங்குகிறது. கமாண்ட் லைனிலேயே மொத்தமாக மாற்றலாம். அந்தக் கட்டளையைக் கையேட்டில் எழுதிவிட்டுப் பகுதியை எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்குவதற்கு இன்று ஒவ்வொரு ஃபோனிலும் வழி இருக்கிறது, அதுவும் போனது. சிஜிஐ-யும் போனது. அதற்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று எழுதலாம் என்று கை பரபரத்தது. இப்போது எழுதினால் நாலு வருடம் கழித்து அதையும் யார் பார்ப்பது என்று கேட்டுப் பதில் வரும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

எடுத்த விதம்

எடுப்பது என்று முடிவானபின் எப்படி எடுப்பது என்பதில் மற்றவர்களிடம் பார்த்துக்கொண்டது நிறைய. கெர்னலில் ஒரு பழக்கம் உண்டு: சந்தேகமான பகுதியை முதலில் 'உடைந்தது' என்று குறித்துவிடுவார்கள். நிரல்கோடு அப்படியே இருக்கும், ஆனால் சாதாரணமாகக் கம்பைல் ஆகாது. சில பதிப்புகள் கழிந்தும் யாரும் கத்தவில்லை என்றால் அழிப்பார்கள். இணையத்திலிருந்து தரவை எடுக்க உதவும் கர்ல் என்ற கருவியின் திட்டத்தில் எதை எப்போது எடுக்கப்போகிறோம் என்று ஒரு கோப்பே வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு வேண்டும் என்றால் வந்து சொல்லுங்கள் என்று எழுதி. ரஸ்ட் நிரல்மொழியில் எழுதிய ஹைப்பர் என்ற நூலகத்தோடு இணைக்கும் வசதியை 2024 டிசம்பரில் அவர்கள் எடுத்தார்கள். அது பழசும் இல்லை, கெட்டதும் இல்லை. கேட்டவர்களும் இல்லை, முடித்துக்கொடுக்க ஆட்களும் இல்லை.

நாங்கள் மூன்று வெளியீடுகளாகப் பிரித்தோம். முதலாவதில் எச்சரிக்கை. பைத்தானின் வழக்கமான வழக்கொழிப்பு எச்சரிக்கை பெரும்பாலும் பயனர் கண்ணில் படாது. இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் நேரடியாகத் திரையில் பிழைகள் வரும் இடத்திலேயே எழுதினோம். இரண்டாவதில் அணைத்துவைத்தோம், ஒரு சூழல் மாறியை, அதாவது நிரலை ஓட்டும் முன் வைக்கும் ஓர் அமைப்பை, கொடுத்தால் ஓடும். மூன்றாவதில் கோடு போனது. ஆனால் கட்டளையின் பெயர் மட்டும் போகவில்லை. தெரியாத கட்டளை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதற்குப் பதில் இப்படிச் சொல்கிறது:

"தானாகக் கண்டுபிடிக்கும் வசதி நீக்கப்பட்டது. முதல் வரிகளை எல்லாக் குறியீட்டிலும் பார்க்க 'முன்னோட்டம்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். உங்கள் கோப்பு மாற்றப்படவில்லை."

கடைசி வாக்கியத்தைச் சேர்த்தது கூட இருப்பவர். பதறிப்போய் எழுதுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றார். உண்மைதான்.

ஒவ்வொரு நீக்கத்தையும் தனித்தனிக் கமிட்டாக வைத்தது பின்னால் கைகொடுத்தது. எச்சரிக்கை வெளியான கொஞ்ச நாளில், நாங்கள் எடுக்கப்போவதாகச் சொன்ன பத்திரிகை அட்டவணை ஒன்றுக்கு எழுத்துரு தன்னிடம் இருப்பதாக ஒருவர் எழுதினார். அந்தப் பத்திரிகையில் பக்கம் கட்டியவர். வெறும் 'எனக்கு வேண்டும்' என்பதற்குத் திருப்பி வைக்க மாட்டோம், ஜோடி கொடுங்கள் என்றோம். இரண்டு பக்க உரையும், விடுபட்டிருந்த ஞ வரிசைக்கான எண்களும் அனுப்பினார். அந்தக் கமிட்டை மட்டும் திருப்பி, அவர் தந்ததைச் சேர்த்து, பராமரிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டோம். அட்டவணை முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

தானாகக் கண்டுபிடிப்பதற்குத்தான் கோபம் வந்தது. ஆயிரக்கணக்கில் கோப்பு வைத்திருக்கும் ஒருவர், ஒவ்வொன்றாக முன்னோட்டம் பார்க்க நான் என்ன வேலையில்லாதவனா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய அடைவைப் பார்த்ததில் ஒரு வருடத்துக் கோப்புகள் எல்லாம் ஒரே எழுத்துருவில் இருந்தன. வருடத்துக்கு ஒன்றை முன்னோட்டத்தில் பார்த்து, அந்த அடைவுக்குக் குறியீட்டைக் கொடுத்து ஓட்டினார். இன்னொருவர் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இருக்கட்டும், பழைய பதிப்பு எங்கும் போய்விடவில்லை. பிழை வந்தால் திருத்தித் தர மாட்டோம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லியாயிற்று.

இரண்டு பாக்கி. டேஸ் 16, 2010-இல் அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட குறியீடு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண், எல்லாம் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அட்டவணை பெரிதே தவிர ஒரு குழப்பமும் இல்லாதது, 247 எழுத்துக்கும் டெஸ்டை நிரலே எழுதிவிடும். அதில் அமைந்த உண்மையான கோப்பு ஒன்றாவது கிடைத்தால் நிம்மதியாக வைத்துக்கொள்வேன். இருப்பவர்கள் ஒரு பக்கம் அனுப்பினால் போதும். மற்றொன்று ஆர்டிஎஃப். ஓடுகிறது, எழுத்துருப் பெயரையும் சரியாகப் படிக்கிறது, ஆனால் அந்தக் கோடு எங்கள் இருவருக்குமே புரியவில்லை. அடுத்த வெளியீட்டில் அதற்கு எச்சரிக்கை போடுவதா, உட்கார்ந்து திருப்பி எழுதுவதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். லிப்ரெஆபிஸ் அதையும் திறக்கும் என்பதால் என் கை எச்சரிக்கைப் பக்கமே சாய்கிறது.